டம்ளர் கொடுத்த துப்பு: கம்ப்ரஸர் சத்தத்துக்கு ரப்பரா, கூண்டா, மொட்டை மாடியா?

கீழே பலசரக்குக் கடை, மேலே எங்கள் வீடு. கடையில் பாலும் ஐஸ்கிரீமும் வைக்கக் குளிரறை போட்டார்கள். அதன் கம்ப்ரஸர் உள்ள அவுட்டோர் யூனிட் பக்கவாட்டுச் சந்தில், எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே சுவரில் ஏறியது. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி தெரு அடங்கியதும் 'டக்'கென்று போட்டு உர்ர்ர் என்று இழுக்கும். அலமாரியில் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்கள் கூடவே கிணுகிணுக்கும்.

அந்த டம்ளர்தான் துப்புக் கொடுத்தது. ஜன்னலைச் சாத்தினால் சத்தம் நன்றாகக் குறைகிறதா? அப்படியானால் அது காற்று வழியாக வருகிறது. சாத்தியும் குறையாமல், சுவரில் வைத்த உள்ளங்கையில் அதிர்வு ஏறினால் கட்டடம் வழியாக வருகிறது. எங்களுக்கு இரண்டும் இருந்தது, ஆனால் சுவர்தான் பெரிய குற்றவாளி. இதைப் பார்க்காமல் செலவு செய்வதெல்லாம் வீண்.

அதிர்வுக்கு மலிவான வைத்தியம் ரப்பர் பேட். சில நூறு ரூபாயில் முடியும். ஆனால் யூனிட் காலுக்கு மட்டும் ரப்பர் வைத்துவிட்டு, காப்பர் பைப்பைச் சுவரில் இறுக்கி கிளாம்ப் அடித்தால் அதிர்வு பைப் வழியே மறுபடி சுவருக்குள் போய்விடும். மெக்கானிக்குகள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

சுற்றிலும் தகரம் அடித்து மூடலாம் என்றார் ஒருவர். ஜெனரேட்டருக்கு அது சரி, காற்றுப் போக வழிவிட்டு உள்ளே பஞ்சு பொதிந்த 'கேனோபி' என்ற கூண்டோடே வருகிறது. அதற்கான வரம்பு கூண்டிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபல். அதனால் கேனோபி இருந்தாலும் நாலு மீட்டரில் ஜன்னல் வைத்திருப்பவருக்கு நிம்மதி வந்துவிடாது. குளிர்சாதன யூனிட் கதை வேறு. அது வெப்பத்தை வெளியே தள்ளியே பிழைக்கிறது. மூடினால் விட்ட அனலையே மறுபடி இழுக்கும், கம்ப்ரஸர் திணறும், கரண்ட் பில் ஏறும். ஒரு பக்கம் மட்டும் தடுப்பு வைக்கலாம், ஆனால் மேல் மாடி ஜன்னலுக்குத் தரைமட்டத் தடுப்பால் என்ன பயன்?

மொட்டை மாடி? திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 3 மீட்டரில் இருந்ததை 12 மீட்டருக்குக் கொண்டுபோனால் 12 குறையும். குறுகிய சந்தில் இந்தக் கணக்கு எடுபடாது, எதிர்ச்சுவரில் பட்டு சத்தம் திரும்பி வரும். ஆகவே சந்திலிருந்து வெளியே எடுப்பதே பாதி வெற்றி. ஆனால் மாடியில் தளத்தின் நடுவில் வைத்தால் அடியில் தூங்குபவருக்குத் தொல்லை. தூண் தலைக்கு மேல் வைக்க வேண்டும். பைப் நீளம், கேஸ், கூலி என்று செலவும் நீளும். எனக்குப் பிடித்தது பின்பக்கத் தரை: சுவரைத் தொடாத இரும்பு ஸ்டாண்ட், அடியில் ரப்பர், கொஞ்சம் தளர்ந்த பைப்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான். வணிகப் பகுதி என்றால் 65, 55. கீழே கடை, மேலே வீடு என்றிருக்கும் தெரு இதில் எது என்பதிலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, புகார் விதி பேசுவது வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டும் சத்தத்தைப் பற்றி. இந்த உர்ர் அவ்வளவு தாண்டாமலே தூக்கத்தைக் கெடுக்கும். போன் செயலி காட்டும் எண்ணை யாரும் சான்றாக எடுக்க மாட்டார்கள், ஆனால் யூனிட் ஓடும்போதும் நின்றபோதும் உள்ள வித்தியாசத்தைத் தேதி, நேரத்தோடு குறித்து வைப்பது பேச்சுக்கு உதவும்.

நான் குறித்தேன். ஆனாலும் காகிதத்தோடு போகவில்லை. "அண்ணாச்சி, ராத்திரி பத்தரைக்கு ஒரு டீ குடிக்க மேலே வாங்க" என்றேன். வந்தார், கட்டிலில் உட்கார்ந்தார். டக். டம்ளர்களைத் திரும்பிப் பார்த்தவர் டீயை பாதியிலேயே வைத்துவிட்டு, "பின்னாடி எடம் இருக்கு, ஸ்டாண்டு எவ்ளோ ஆகும்?" என்றார்.