தனியா டைவிங் போறீங்களா: நேத்ராணியா, ஹேவ்லாக்கா?

கோயமுத்தூர், ஈரோட்டுல இருந்து கூட ஆளில்லாம ஸ்கூபா (காத்து சிலிண்டர் மாட்டிட்டு கடலுக்குள்ள எறங்கற டைவிங்) போகோணும்னா இந்த ரெண்டு எடத்தப் பாருங்க.

நேத்ராணி கர்நாடகாவுல முருதேஸ்வர் பக்கத்துல இருக்கற தீவு. நம்மளுக்குப் பக்கமுங்க, மங்களூர் வழியா முருதேஸ்வர் வரைக்கும் ரயில்லயே போயிறலாம், செலவும் கம்மி. ஆனா அங்கிருந்து தீவுக்குப் போட்ல ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும், மழைக்காலத்துல டைவிங் கெடையாது. அங்க வர்றதுல நெறையப் பேரு மொதல் தடவ எறங்கறவங்க, இன்ஸ்ட்ரக்டர் கூடவே போறவங்க, அதனால சர்டிபிகேட் வெச்சிருக்கறவங்களுக்குத் தோதான பட்டி (buddy, தண்ணிக்குள்ள ஜோடியா கூட வர்ற டைவர்) அமையறது கஷ்டம். அன்னைக்கு வேற சர்டிபைடு டைவர் வர்றாங்களான்னு போன் பண்ணிக் கேட்டுட்டு அப்பறமா டிக்கெட் போடுங்க.

ஹேவ்லாக் (இப்ப ஸ்வராஜ் த்வீப்) அந்தமான்ல இருக்கற தீவு. அங்க போக சென்னை போயி பிளைட், போர்ட் பிளேர்ல (இப்ப ஸ்ரீ விஜயபுரம்) இருந்து பெர்ரின்னு காசு கரையும். ஆனா டைவ் சென்டர் நெறைய இருக்கறதால தனியா வர்றவங்களும் அதிகம், ஓப்பன் வாட்டர்ங்கற மொதல் சர்டிபிகேட் கோர்ஸ அங்கயே மூணு நாலு நாள்ல முடிச்சா கூடப் படிக்கறவங்களே பட்டி ஆயிருவாங்க. டைவ் முடிச்ச உடனே பறந்தா ஒடம்புக்கு ஆபத்து, அதனால கடைசி டைவுக்கும் பிளைட்டுக்கும் நடுவுல 18 மணி நேரமாச்சும் விட்ருங்க, நேத்ராணிக்கு ரயில்ல போனா அந்தக் கவல இல்ல.

எங்க போனாலும் புது ஆளோட எறங்கறதுக்கு முன்னாடி அவரோட வெயிட் பெல்ட் (தண்ணிக்குள்ள எறங்க இடுப்புல கட்டற எடை) எப்படிக் கழலுது, மஞ்சக் கலர் ஸ்பேர் ரெகுலேட்டர் (அவசரத்துக்கு மூச்சு விடறது) எந்தப் பக்கம் மாட்டிருக்குன்னு கைய வெச்சே பாத்துருங்க, சிலிண்டர்ல காத்தோட அழுத்தம் 100 பார் வந்தா என்ன சைகை, 50 பார்ல மேல வந்தரோணும்னு போட்லயே பேசிக்கோங்க. கூச்சமே பட வேண்டாம்ங்க, உசுரு விஷயம்.

மொதல் தடவ தனியா போறவங்கன்னா நான் ஹேவ்லாக்தான் சொல்லுவனுங்க.