வருமான வரி விபரத்திரட்டு: சில வருடமாக நானே தயார் செய்த அனுபவம்

இலங்கையின் அட்டனில் இருந்துகொண்டு சில வருடங்களாக என் வருமான வரி விபரத்திரட்டை நானேதான் தயாரித்து இணையத்தில் அனுப்பி வருகிறேன். சம்பளம், வீட்டின் கீழ்த்தளத்து வாடகை, இரண்டு வங்கிகளில் நிலையான வைப்பு வட்டி, இவ்வளவுதான் என் வருமானம். இந்த அளவுக்கு ஆள் பிடித்துக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று, வேலையை ஏப்ரலிலேயே தொடங்கிவிட வேண்டும். விபரத்திரட்டு அனுப்ப நவம்பர் 30 வரை இருக்கிறதே என்று நவம்பரில் கடதாசி தேடுகிறவர்கள்தான் அதிகம். அதற்கு முன்னால் செப்டெம்பர் 30 இருக்கிறது, மார்ச்சில் முடிந்த வருடத்துக்கான மிச்ச வரியை அன்றைக்குள் கட்டி முடிக்க வேண்டும். தாமதித்தால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி ஏறும்.

நான் பயன்படுத்துவது ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு கிளிப் ஃபைல், கைப்பேசி. அவ்வளவே. கொப்பியில் மாதத்துக்கு ஒரு பக்கம்: சம்பளம், வாடகை, வட்டி, பெரிய செலவு, கடன் கட்டியது. பற்றுச்சீட்டுகளைக் கையில் கிடைத்த அன்றே படம் எடுத்துவிடுவேன், ஏனென்றால் நம் பக்கத்து ஈரத்துக்கு அலுமாரிக்குள் வைத்த கடதாசிகூட ஜூலை ஆகஸ்டில் பூஞ்சணம் பிடித்துவிடும், ஏ.டி.எம். துண்டுகளில் எழுத்து அதற்கும் முன்பே மறைந்துவிடும்.

மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடிந்ததும் முதல் வேலை, சம்பளம் எவ்வளவு, அதில் பிடித்த வரி எவ்வளவு என்று வேலை செய்யும் இடத்தில் தரும் டி10 சான்றிதழ். அடுத்தது வங்கிகள். வட்டி எவ்வளவு, அதில் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்ற சான்றிதழ், மார்ச் 31ஆம் திகதி கணக்கில் இருந்த மீதி, இரண்டையும் ஒரே தடவையில் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் கவுண்டரிலேயே நின்று பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை மூன்றையும் பாருங்கள். ஒரு வங்கி எனக்குத் தந்த சான்றிதழில் அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எண் மாறியிருந்தது. அதைத் திருத்தி வாங்க வாரக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. மே மாதம் என்பதால் பதறவில்லை, இதுவே நவம்பர் என்றால் என்ன ஆகியிருக்கும்!

வரிக் கணக்கு உண்மையில் சுலபம். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விடுவிப்பு உண்டு, அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். ஓர் உதாரணம் சொல்கிறேன். மாதச் சம்பளம் 190,000 என்றால் வருடத்துக்கு 2,280,000. வாடகை மாதம் 25,000 என்றால் வருடத்துக்கு 300,000, திருத்த வேலைச் செலவைத் தனியாகக் காட்டாவிட்டால் அதில் கால்வாசியைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் 225,000. வைப்பு வட்டி 200,000. எல்லாம் சேர்த்து 2,705,000, விடுவிப்புப் போக 905,000, அதற்கு 6 சதவீதம் 54,300. சம்பளத்தில் ஏற்கெனவே 28,800 பிடித்திருப்பார்கள், வங்கி 10 சதவீதம் என்று 20,000 பிடித்திருக்கும். கையிலிருந்து கட்ட வேண்டியது 5,500 மட்டுமே. வட்டிக்குத்தான் வங்கியே பிடித்துவிட்டதே என்று அதை விபரத்திரட்டில் காட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது சரியில்லை. வட்டி முழுவதையும் வருமானத்தில் காட்டி, பிடித்த வரியைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

ஆளைத் திணறடிப்பது விபரத்திரட்டோடு சேர்த்துக் கொடுக்கும் சொத்துக்கள், பொறுப்புக்கள் பற்றிய கூற்றுதான். மார்ச் 31 அன்று உங்களிடம் என்ன இருந்தது, யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்ற முழு விபரம்: காணி, வீடு என்றால் உறுதியின் விபரம், வாங்கிய திகதி, விலை, அப்புறம் வாகனம், வங்கி மீதி, நகை, கையிருப்புக் காசு, கொடுத்த கடன், வாங்கிய கடன். இதைப் போன வருடத்துக் கூற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரே வருடத்தில் சொத்து எவ்வளவு கூடியது என்பது தெரிந்துவிடும். வருமானத்தில் வீட்டுச் செலவு போக 5 இலட்சம்தான் மிஞ்சியிருக்கும், சொத்தோ 12 இலட்சம் கூடியிருக்கிறது என்றால், மிச்ச 7 இலட்சம் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். நம் ஆட்களிடம் பதில் இருக்கும், கையில் கடதாசிதான் இருக்காது. வீட்டுக்கு மேல்மாடி போட அக்கா வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியிருப்பார், அந்த வங்கிச் சீட்டைத் தூக்கிப் போட்டிருப்போம். சீட்டுக் காசு விழுந்திருக்கும், அதற்கு எழுத்தே இருக்காது. என் கொப்பியில் சீட்டுக்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்: சீட்டு எடுக்கும் வரை கட்டிய காசு எனக்கு வர வேண்டியது, எடுத்த பிறகு கட்ட மிச்சமிருப்பது நான் கொடுக்க வேண்டியது. நகையை அடகு வைத்திருந்தால் நகை சொத்துப் பக்கத்திலும் அடகுக் கடன் பொறுப்புப் பக்கத்திலும் வரும், ஒன்றை எழுதி மற்றதை விட்டால் கணக்கு இடிக்கும். போன வருடம் அனுப்பிய கூற்றின் பிரதி கையில் இல்லாமல் இந்த வருடத்ததை நிரப்பவே உட்காராதீர்கள்.

இணையத்தில் நிரப்புவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டின் இலக்கம் (வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம்), இரகசிய இலக்கம் இரண்டும் சரியாக இருந்தால், எல்லாவற்றையும் முதலில் கொப்பியில் எழுதி முடித்துவிட்டு உட்கார்ந்தால், ஒரு மாலையில் முடிகிற வேலைதான். மழை நாளில் சிக்னல் போய்ப்போய் வரும், அதனால் ஒவ்வொரு பகுதியாகச் சேமித்துக்கொண்டே போங்கள். முடிந்ததும் ஏற்புச் சீட்டைப் பதிவிறக்கி ஃபைலில் வையுங்கள். சந்தேகம் வந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944க்குப் பேசலாம். சொந்தத் தொழில், கூட்டு வியாபாரம், காணி விற்பனை என்று இருந்தால் மட்டும் கணக்காளர் ஒருவரிடம் காட்டுங்கள், அப்போதும் கடதாசிகளை நீங்களே அடுக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, வீட்டில் ஓய்வு பெற்ற அம்மா அப்பா பெயரில் வைப்பு இருக்கிறதா? அவர்களுடைய வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால், வட்டியில் 10 சதவீதம் பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குச் சுய பிரகடனப் படிவம் கொடுக்கலாம். ஒவ்வொரு மதிப்பீட்டு ஆண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும், ஏப்ரல் பிறந்ததும் கொடுத்துவிடுங்கள். பிடித்த பிறகு அந்தக் காசைத் திரும்ப எடுக்க அவர்கள் பெயரிலும் விபரத்திரட்டு அனுப்பிக் காத்திருக்க வேண்டி வரும்.