வால்வு ரேடியோவுக்கு டயல் பல்பு தேடுவோருக்கு: 47 என்று சொல்லி 12 வோல்ட் பல்பைத் தள்ளிவிட்டார்கள்

பத்து பல்புக்கான காசு, அதோடு அனுப்பும் கூலி, இரண்டும் போய்விட்டது. நேற்று பார்சல் வந்தது. இன்று காலையிலிருந்து விற்றவரிடமிருந்து பதில் இல்லை. இன்னொருவர் இதே குழியில் விழக் கூடாது என்று சூட்டோடு சூடாக எழுதுகிறேன். வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வாங்கிய இடம், பழைய மின்னணுச் சாமான்களைத் தனி ஆட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தை. கேட்டது 47-ஆம் நம்பர் டயல் பல்பு, அதாவது ஸ்டேஷன் எண்கள் தெரிய டயலுக்குப் பின்னால் எரியும் சிறு விளக்கு: 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர், 9 மி.மீ. பின் டைப் அடி (பக்கத்தில் இரண்டு பின், தள்ளித் திருப்பி மாட்டுவது). செட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஐந்து வால்வு ரேடியோ. ரெக்டிஃபையர், அதாவது ஏ.சி.யை டி.சி.யாக்கும் வால்வு, 35இசட்5.

இந்த வகை செட்டில் டயல் பல்பு வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை. ஐந்து வால்வின் ஹீட்டர்களும் (வால்வைச் சூடாக்கும் இழைகள்) ஒரே தொடராக இணைந்து 150 மில்லி ஆம்பியரில் ஓடுகின்றன. 35இசட்5-இன் ஹீட்டரில் நடுவே ஒரு கிளை எடுத்திருப்பார்கள். அந்த வால்வின் 2-ஆம், 3-ஆம் பின்களுக்கு நடுவே உள்ள அந்தச் சிறு துண்டுக்குக் குறுக்கேதான் பல்பு. ஹீட்டர் கரன்ட்டோடு, செட் இழுக்கும் டி.சி. கரன்ட்டும் இந்த வழியாகவே வருகிறது. பல்பும் அந்த ஹீட்டர் துண்டும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பல்பு ஃபியூஸ் ஆன பிறகும் செட்டை ஓடவிட்டால், முழுச் சுமையும் அந்தத் துண்டின் தலையில் விழும். ஒருநாள் அது அறுந்தால் ஐந்து வால்வும் அணைந்துவிடும், ரெக்டிஃபையரையே மாற்ற வேண்டிவரும். எல்.இ.டி. போட்டாலும் இதே கதிதான். அது இழுக்கும் கரன்ட் சொற்பம், சுமையைப் பங்கு போடாது. அதனால்தான் சரியான பல்பைத் தேட வேண்டியிருந்தது.

நம்பவைத்த இடத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. விலையைப் பேசும் முன்பே அந்த ஆள் கேட்ட கேள்வி: "ரெக்டிஃபையர் என்ன சார்?" 35இசட்5 என்றதும், "அப்போ 44 போடாதீங்க, அது 250 மில்லி. உங்களுக்கு 47தான். இழையைத் தாங்குற கண்ணாடி மணி பழுப்பா இருக்கும் பாருங்க" என்றார். சொன்னது அத்தனையும் சரி. மணி பழுப்பு என்றால் 0.15 ஆம்பியர், நீலம் என்றால் 0.25 என்பது பழைய பல்புகளில் வழக்கமான அடையாளம். அனுப்பிய படத்திலும் பழுப்பு மணி தெளிவாகத் தெரிந்தது. மணியின் நிறம் வரை தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? "ஒண்ணு ரெண்டா தர்றதில்ல, பத்தாதான். பணத்தை நேரா என் கணக்குக்குப் போட்டுடுங்க" என்றார். பத்துக்கும் முழுப் பணம் போனது.

வந்தவை பத்தும் பழுப்பு மணி இல்லாதவை. ஒன்பதில் அடிப்பகுதியின் உலோக விளிம்பைச் சுரண்டியிருக்கிறார்கள். சுரண்டாமல் தப்பிய ஒன்றில் 12 வோல்ட், 2 வாட் என்று இருக்கிறது. வண்டி டேஷ்போர்டு விளக்கு! அதே 9 மி.மீ. அடி, அதே இரண்டு பின், அதனால் ஹோல்டரில் அழகாக உட்காரும். வோல்டேஜை நாமே வைத்துக்கொள்ளும் மேசை சப்ளையில் 6.3 வோல்ட் கொடுத்தால் மங்கிய ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. வோல்டேஜ் பாதியானால் இழை பல்பின் வெளிச்சம் பாதியாவதில்லை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். கரன்ட் 0.12 ஆம்பியருக்கும் குறைவு. செட்டில் போட்டால் டயல் எண்களும் தெரியாது, 35இசட்5-இன் சுமையும் போதுமான அளவு குறையாது. நல்லவேளை, செட்டில் மாட்டும் முன் சப்ளையில் சோதித்ததால் வால்வு பிழைத்தது. பத்து பல்புக் காசு பிழைக்கவில்லை.

கேட்டதற்கு முதல் பதில்: "உங்க ரேடியோவுல வோல்டேஜ் கம்மியா வருது." ரேடியோவில் மாட்டவே இல்லை என்று சப்ளையின் படத்தை அனுப்பியதும், "சோதிச்சுப் பார்த்த பல்பைத் திரும்ப எடுக்க மாட்டோம்." விளிம்பில் இருக்கும் எழுத்தைப் படம் எடுத்து அனுப்பியதும், "ஸ்டாக் மாறியிருக்கும், பார்த்துச் சொல்றேன்." பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. சந்தையில் புகார் கொடுத்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று இரண்டு வரிப் பதில். பத்து பல்புக்கும் முழுப் பணம், ஒன்றுகூட உதவாது.

இனி வாங்குவோர் பார்க்க வேண்டியதில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நேரடிக் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். கையில் இருக்கும் அதே பல்பின் அடிப்பக்க எழுத்தைப் படமெடுத்துக் கேளுங்கள், நெட்டில் எடுத்த படத்தை ஏற்காதீர்கள். முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். வந்ததும் 6.3 வோல்ட் கொடுத்து, தொடரில் மீட்டரை வைத்து அளந்துபாருங்கள், 47 என்றால் 150 மில்லி ஆம்பியரை ஒட்டி வர வேண்டும். மல்டிமீட்டரில் ஓம் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், குளிர்ந்த இழை சூடான இழையில் பத்தில் ஒரு பங்குதான் காட்டும். டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் 6.3 வோல்ட் சுற்றுக்குக் குறுக்கே 44 இருந்தால், அங்கே 47 போடலாம், சூடு குறைந்து டயலுக்கும் நல்லது. ஹீட்டர் தொடரில் பல்பு இருக்கும் செட்டில் இந்த மாற்று வேலை வேண்டாம். இன்னும் பழைய 2.5 வோல்ட் செட் என்றால் 47 உதவாது, திருகு டைப்புக்கு 41, பின் டைப்புக்கு 43. மாட்டும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டில் சுவிட்சை அணைத்திருந்தாலும் சேஸியில் (செட்டின் உலோகச் சட்டத்தில்) மெயின் கரன்ட் இருக்கலாம்.