‘டொமைன் இலவசம்’ பேக்கேஜ் வாங்குகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

ஈரோட்டுப் பக்கம் செக்கு எண்ணெய் விற்கும் ஒரு சிறு கடைக்கு நடந்தது இது. வெப்சைட், அதை வைத்திருக்கும் ஹோஸ்டிங், அதன் முகவரிப் பெயரான டொமைன் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, டொமைன் முதல் வருஷம் இலவசம் என்றார் டிசைனர். மறு வருஷம் புதுப்பிக்க 8,000 ரூபாய் கேட்டார். டாட் காம் பெயரை நேராகப் புதுப்பித்தால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுதான் ஆகும். “அப்படியானால் பெயரை எங்களுக்கே மாற்றிக் கொடுத்துடுங்க” என்று கடைக்காரர் கேட்டதும் தொகை 40,000 ஆனது. பேச்சு இழுத்துக்கொண்டே போக, டொமைன் காலாவதியாகிவிட்டது. சைட்டோடு சேர்ந்து அந்தப் பெயரில் இருந்த மெயிலும் நின்றது. பேங்க், ஜிஎஸ்டி ஓடிபி எல்லாம் அந்த மெயிலுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. எண்ணெய் டின்களில் அச்சடித்திருந்ததும் அதே முகவரி.

டிசைனரால் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், டொமைனைத் தன் ரீசெல்லர் (மறுவிற்பனை) கணக்கில், தன் பெயரிலும் மெயிலிலும் பதிவு செய்திருந்ததுதான். பணம் யார் கொடுத்தார்கள் என்பதை, டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ரார் பார்ப்பதில்லை. ரெஜிஸ்ட்ரன்ட் (பதிவுதாரர்) என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே உரிமையாளர்.

உங்கள் டொமைன் டாட் காமாக இருந்தால், டொமைன்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் லுக்அப் டாட் ஐகான் டாட் ஆர்க் பக்கத்தில் இன்றே போட்டுப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரார் யார், எந்தத் தேதியில் முடிகிறது, சைட்டும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று வழிகாட்டும் நேம் சர்வர் எது என்பது தெரியும். ‘கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது திருட்டைத் தடுக்கும் வழக்கமான பூட்டு. உரிமையாளர் பெயர் பெரும்பாலும் பிரைவசியில் மறைந்திருக்கும். ஆகவே உண்மையான சோதனை வேறு: ரெஜிஸ்ட்ரார் கணக்கில் நீங்களே லாகின் செய்ய முடிகிறதா? பாஸ்வேர்ட் மாற்றக் கேட்டால் மெயில் உங்களுக்கு வருகிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் டொமைன் உங்கள் கையில் இல்லை.

சண்டை வருவதற்கு முன்பே, உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அதே ரெஜிஸ்ட்ராரில் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அதற்கு டொமைனை ‘புஷ்’ செய்யச் (கணக்கு விட்டுக் கணக்கு மாற்றச்) சொல்வது பல இடங்களில் செலவில்லாத, சீக்கிரம் முடிகிற வழி. வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதென்றால் வரிசை முக்கியம். உரிமையாளர் பெயரை முதலில் மாற்றினால் 60 நாள் பூட்டு விழலாம். அதனால் ஆத் கோடு (டொமைனை நகர்த்தத் தேவையான ரகசியக் குறியீடு) வாங்கி முதலில் டிரான்ஸ்ஃபர், பிறகு பெயர் மாற்றம். புதிதாகப் பதிந்த டொமைனையும் பொதுவாக முதல் 60 நாளுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு நகர்த்த முடியாது.

டிசைனர் மறுத்தால், பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் பில், அடையாள ஆவணத்தோடு ரெஜிஸ்ட்ராருக்கே எழுதுங்கள். டாட் காமுக்கு, கேட்ட 5 நாளுக்குள் ஆத் கோடு தர வேண்டும் என்பது ஐகான் விதி. தராவிட்டால் ஐகானிடம் புகார் செய்யலாம். பதிவு டிசைனர் பெயரில் இருந்தால் வழி மிகக் கடினம். டொமைன் தகராறுகளுக்கான யுடிஆர்பி நடுவர் முறைக்கு டிரேட்மார்க் உரிமை வேண்டும். அதை நடத்தும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில், ஒரே நடுவர் விசாரிப்பதற்கே கட்டணம் 1,500 டாலர். டாட் இன் பெயர்கள், அவற்றை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்ஸியின் கீழ் வருவதால் ஐகானிடம் போய்ப் பயனில்லை, அங்கே ஐஎன்டிஆர்பி என்ற தனி நடைமுறை இருக்கிறது.

காலாவதியான டாட் காமைப் பழைய விலையில் புதுப்பிக்க அதிகபட்சம் 45 நாள் வரை கிடைக்கலாம், ஆனால் அது ரெஜிஸ்ட்ரார் விருப்பம். இந்தக் கட்டத்திலேயே ஏலத்தில் விற்பவர்களும் உண்டு. ரெஜிஸ்ட்ரார் பெயரை அழித்த பிறகு 30 நாள் ரிடெம்ப்ஷன் (மீட்புக் காலம்). அப்போது மீட்கக் கட்டணம் பல மடங்கு. அதன்பின் 5 நாளில் பெயர் யாருக்கும் திறந்துவிடும். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதமும் ஒரு வாரமும் முன்னதாக நினைவூட்டல் வர வேண்டும், ஆனால் அது டிசைனரின் மெயிலுக்குப் போனால் உங்களுக்கு எப்படித் தெரியும்? கணக்கு கைக்கு வந்ததும் ரெஜிஸ்ட்ராரில் அதே டொமைனின் மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் பாஸ்வேர்ட் மெயிலும் வராது.

டிரான்ஸ்ஃபர் தொடங்கும் முன் டிஎன்எஸ் பதிவுகள் (சைட்டும் மெயிலும் எங்கே போக வேண்டும் என்ற குறிப்புகள்) அத்தனையையும், முக்கியமாக மெயிலுக்குத் தேவையான எம்எக்ஸையும் டிஎக்ஸ்டியையும், நகல் எடுத்துப் புதிய இடத்தில் போட்டுவிடுங்கள். நேம் சர்வர் டிசைனருடையதாக இருந்து, அவர் ஹோஸ்டிங்கை நிறுத்தினால் அன்றே மெயில் நின்றுவிடும்.