பனை ஆர்வலர் கூடுகைக்கு அழைத்துச் செல்வதாகப் பணம் வாங்குவோர் குறித்து ஓர் எச்சரிக்கை

சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரைப் பகுதிகளில் பனை விதை நடும் குழுக்களின் வாட்ஸ்அப்பில் சில வாரங்களாக ஒரு செய்தி சுற்றி வருகிறது. வெளிநாட்டில் நடக்கவிருக்கும் உலகப் பனை ஆர்வலர் கூடுகைக்கு விசா, விமான டிக்கெட், தங்கும் அறை, பதிவுக் கட்டணம் அனைத்தையும் சேர்த்து ஒரே தொகையில் அழைத்துச் செல்வதாகவும், இடங்கள் குறைவு என்பதால் முன்பணத்தை உடனே செலுத்த வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. 2018ஆம் ஆண்டு ஏறத்தாழ இதே வாசகங்களோடு வந்த ஓர் அழைப்பின் பேரில் நானும் என் நண்பர்கள் இருவரும் பணம் செலுத்தி ஏமாற்றப்பட்டோம். ஆகவே, அப்போது நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கூடுகை உண்மையானது என்பதுதான் ஏமாற்றுபவரின் மூலதனம். 1956இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டென்ட் ஸ்மித் என்பவரின் முயற்சியால் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பனைச் சங்கம், தாவரவியலாளர்களும் தோட்டக்காரர்களும் வெறும் ஆர்வலர்களும் கலந்த ஓர் அமைப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நாட்டில் கூடி, காடுகளையும் தாவரவியல் தோட்டங்களையும் சுற்றிப் பார்ப்பது அதன் வழக்கம். 2018இல் அந்தக் கூடுகை தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியாவில் நடந்தது. அந்நாட்டின் தேசிய மரமான மெழுகுப்பனை, உலகிலேயே மிக உயரமாக வளரும் பனை இனம்; அறுபது மீட்டர் வரைகூட எழும்பக்கூடியது. ஆண்டிஸ் மலைத்தொடரில், கிந்தியோ பகுதியின் கொகோரா பள்ளத்தாக்கில், மேகம் இறங்கும் சரிவுகளில் அது கூட்டமாக நிற்கிறது. கிறிஸ்தவர்களின் குருத்து ஞாயிறுக்காக அதன் இளங்குருத்துகள் பெருமளவில் வெட்டப்பட்டு வந்ததும், 1985இல் தனிச் சட்டம் இயற்றி அந்த மரத்தை அந்நாடு பாதுகாத்ததும், மூக்கையூர்க் கடற்கரைக் கோயிலில் ஆண்டுதோறும் குருத்தோலை பிடித்து வளர்ந்த என் நண்பர்களில் ஒருவரை வெகுவாக ஈர்த்தன. என் நண்பர்கள் இருவரில் ஒருவர் பனங்கன்று வளர்ப்பவர், மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எவருக்கும் அதற்கு முன் இலங்கையைத் தாண்டிய பயணம் இல்லை.

ராமநாதபுரம் நகரில் பயண முகவர் அலுவலகம் வைத்திருந்த ஒருவர், அந்தக் கூடுகையின் 'இந்தியப் பொறுப்பாளர்' தாமே என்று சொல்லிக்கொண்டு எங்களை அணுகினார். சங்கத்தின் சின்னம் அச்சிட்ட ஒரு வண்ணத் தாளும், பயண நிரலும் அவரிடம் இருந்தன. ஆளுக்கு ரூ.2,40,000 என்று பேசி, முதல் தவணையாக ரூ.80,000 கேட்டார். அவர் கொடுத்த வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை. உறவினர் ஒருவரின் சேமிப்புக் கணக்காக இருந்தது. காரணம் கேட்டபோது, நிறுவனக் கணக்கில் 'லிமிட் முடிந்துவிட்டது' என்றார். இந்தப் பதிலை இப்போது யாரிடம் கேட்டாலும் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள், ஏனெனில் நடப்புக் கணக்கில் பணம் வந்து சேருவதற்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

பணம் சென்ற மறுநாளே மூவரின் பெயரும் உள்ள பி.என்.ஆர். எண் ஒன்றை அனுப்பினார். மும்பையிலிருந்து இஸ்தான்புல் வழியாகப் பொகோட்டா செல்லும் பயணம் அது. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டுப் பார்த்தால் எங்கள் பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வந்தன. அதற்கு மேல் ஐயப்பட என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ரயிலில் பணம் கட்டிய பிறகுதான் பி.என்.ஆர். உருவாகும் என்பதால், அந்தப் பழக்கத்தில் ஊறிய நாம் விமானத்திலும் அப்படித்தான் என்று எண்ணுகிறோம். விமானத்தில் முகவர் ஒருவர் ஒரு பைசாகூடச் செலுத்தாமல் இருக்கைகளைச் சில மணி நேரமோ சில நாள்களோ பிடித்து வைக்க முடியும். அப்படிப் பிடித்து வைத்திருக்கும் நாள்களிலும் பி.என்.ஆர். உண்டு, இணையதளத்தில் பெயரும் தெரியும். பணம் கட்டி டிக்கெட் வெளியிடப்பட்டதற்கு அடையாளம் 13 இலக்க டிக்கெட் எண்தான். அதன் முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். துருக்கி விமான நிறுவனத்துக்கு 235, ஏர் இந்தியாவுக்கு 098. எங்களுக்கு வந்த தாளில் டிக்கெட் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'உறுதி செய்யப்பட்டது' என்ற சொல் மட்டுமே இருந்தது. ஒரு வாரம் கழித்து அதே பி.என்.ஆரை இட்டபோது அப்படியொரு முன்பதிவே இல்லை என்று இணையதளம் காட்டியது.

இதைக் கேட்டபோது அவர் சிறிதும் தடுமாறவில்லை. கட்டணம் ஏறிவிட்டதாகவும், அமெரிக்காவின் மயாமி வழியாக வேறு பாதை பார்த்திருப்பதாகவும், ஆளுக்கு மேலும் ரூ.30,000 கட்டினால் போதும் என்றும் சொன்னார். அமெரிக்க விசாவுக்கு என்ன செய்வது என்று ஆசிரியர் நண்பர் கேட்டதற்கு, 'ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகவே போறதில்லையே சார், விசா எதுக்கு?' என்று சிரித்தார். இது முழுப் பொய். இஸ்தான்புல், தோஹா போன்ற இடங்களில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி உள்ளுக்குள்ளேயே அடுத்த விமானத்துக்குச் செல்லலாம். அமெரிக்காவில் அந்த ஏற்பாடே இல்லை. அங்கே விமானம் மாறுபவரும் குடியேற்றச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். நம் பாஸ்போர்ட்டுக்கு அதற்கெனத் தனி விசாவும் வேண்டும். அந்த டிக்கெட்டோடு நாங்கள் மும்பை வரை போயிருந்தால் விமான நிறுவனமே எங்களை ஏற்றியிருக்காது. இதை எங்களுக்கு விளக்கியவர், கத்தாரில் விமான டிக்கெட் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் நண்பரின் அக்காள் மகன். நம் கடற்கரையில் ஊருக்குப் பத்துப் பேராவது வளைகுடாவில் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன் அவர்களில் ஒருவரிடம் பயணத் தாளைக் காட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

பணத்தைவிட அஞ்ச வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை விஷயம். கொலம்பியா மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் உள்ளது. அங்கிருந்து இந்தியா திரும்பும் எவரும் தடுப்பூசி போட்டதற்கான பன்னாட்டுச் சான்றைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே சான்று செல்லும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை. 2016 முதல் ஒருமுறை போட்டால் அச்சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். எங்கள் முகவரோ, ஊசி போடாமலேயே முத்திரையிட்ட அட்டையை ஆளுக்கு ரூ.4,000க்கு வாங்கித் தருவதாகச் சொன்னார். நல்லவேளையாக அதை எவரும் வாங்கவில்லை. போலிச் சான்று குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அது உடம்பைக் காக்காது என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஊசியைச் சாதாரண மருத்துவமனைகளில் போட மாட்டார்கள். அரசு அனுமதித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையம் உண்டு, நமக்கு அருகில் தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகம் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு முதல்முறை போடும்போது பக்கவிளைவு வாய்ப்பு கூடுதல் என்பதால் மருத்துவரின் ஆலோசனை அவசியம். ஆசிரியர் நண்பர் அந்த வயதினர். அவரிடம் இதைப் பற்றி முகவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

விசாவிலும் இதே கதைதான். கொலம்பியாவுக்கான விண்ணப்பத்தை அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்திலேயே நிரப்பலாம். முகவர் 'டெல்லித் தூதரகச் செலவு' என்று தனியாக வாங்கிக்கொண்டார். விண்ணப்ப எண்ணைக் கடைசி வரை காட்டவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு கூடுகை அமைப்பாளர்களுக்கு நாங்களே மின்னஞ்சல் அனுப்பினோம். எங்கள் மூவர் பெயரும் பங்கேற்பாளர் பட்டியலில் இல்லை. உண்மையில் இதற்கு இடையில் எந்த முகவரும் தேவையில்லை: சங்கத்தில் உறுப்பினராகி, கூடுகைக்கு நேரடியாகப் பதிந்து, அட்டை மூலம் பணம் செலுத்திவிடலாம். விசாவுக்குக் காட்ட வேண்டிய அழைப்புக் கடிதத்தைப் பதிவு செய்தவருக்கு அமைப்பாளர்கள் அனுப்புவது உலகெங்கும் உள்ள மாநாடுகளில் வழக்கம். அதற்கென்று தனியாகப் பல ஆயிரம் கேட்பவரிடம் விலகியிருங்கள். எங்களுக்கு முகவர் தந்த ரசீதில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் இணையதளத்தில் தேடினோம். எழுத்தும் எண்ணுமாக 15 இடங்கள், தமிழ்நாட்டுக்குரிய 33 என்ற தொடக்கம், எல்லாம் முறையாகவே இருந்தன. ஆனால் அந்த எண் வேறொரு மாவட்டத்தில் கட்டுமானப் பொருள் விற்கும் கடைக்கு உரியது. இந்தச் சோதனையைக் கைப்பேசியிலேயே இரண்டு நிமிடத்தில் செய்யலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது 'கேன்சலேஷன் சார்ஜ்' என்று ஒரு பெருந்தொகையைக் கழித்துக் கணக்குக் காட்டினார். வெளியிடப்படாத டிக்கெட்டுக்கு ரத்துக் கட்டணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, ஓட்டல் அறைக்கு என்றார். ஓட்டலின் பெயரைக் கேட்டு அங்கும் எழுதினோம். அங்கும் எங்கள் பெயரில் அறை இல்லை. வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல்கள், பொய்யான ரசீது ஆகியவற்றை இணைத்துக் காவல்துறையில் எழுத்து மூலமாகப் புகார் அளித்த பின்னரே பாதித் தொகை தவணை தவணையாக வந்தது.

அன்று இல்லாத சில வழிகள் இன்று உள்ளன. பணம் அனுப்பிய உடனே ஐயம் வந்தால் இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் பரிமாற்ற எண்ணைச் சொல்லுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்கப்படும் வாய்ப்பு கூடும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முகவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். 2020 அக்டோபர் முதல் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர், வாங்குபவரிடம் தொகுப்பு விலையில் ஒரு விழுக்காட்டுத் தொகையை வருமான வரிக் கணக்கில் வசூலித்து அவரது பான் எண்ணில் செலுத்த வேண்டும் என்ற விதியும் உள்ளது. ஆகவே பான் எண்ணையே கேட்காமல் 'முழுத் தொகுப்பு' விற்பவர் எதையோ மறைக்கிறார்.

இன்னொன்று. இப்போது சுற்றும் செய்தியில் 'அரிய பனை விதைகளைக் கையோடு கொண்டு வரலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. 2003ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் விதை வரும் நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டு வருவது சட்டமீறல். விமான நிலையத்தில் பறிமுதல் செய்யப்படும். மடகாஸ்கரின் முக்கோணப் பனை போன்ற சிலவற்றுக்கு அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் அனுமதியும் வேண்டும். குளிர்ந்த மலைச்சரிவில் வளரும் மெழுகுப்பனையைச் சாயல்குடி வெயிலில் முளைக்க வைப்பதாகச் சொல்பவருக்குப் பனையைப் பற்றியும் ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால், அனுப்பியவரிடம் 13 இலக்க டிக்கெட் எண்ணையும், விசா விண்ணப்ப எண்ணையும், நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே பணம் செலுத்தியவர்கள் உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள். எங்களுக்குப் பாதியாவது திரும்பியது அவை இருந்ததால்தான். மீதிப் பாதி இன்றுவரை வரவில்லை.