ஒரோமோ மொழிப் பெயர்ச்சொற்கள்: நினைவட்டைச் செயலியில் நெடுநாள் பயின்ற அனுபவம்

எத்தியோப்பியாவின் ஒரோமியா மாநிலத்தைச் சேர்ந்த ஜிம்மாவில் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒரோமோ மொழியின் அடிப்படைப் பெயர்ச்சொற்களை ‘ஆன்கி’ எனும் நினைவட்டைச் செயலியில் நானே அட்டை அமைத்துப் படிக்கத் தொடங்கினேன். சில ஆண்டுகளாகத் தொடர்கிறேன். கணினியிலும் ஆண்ட்ராய்டு பேசியிலும் இலவசமாகக் கிடைக்கும் இச்செயலி, மறக்கத் தொடங்கும் வேளையில் சொல்லை மீண்டும் கண்முன் நிறுத்துகிறது. பிஷான் (தண்ணீர்), ஆன்னன் (பால்), புன (காப்பி), மன (வீடு) போன்ற அன்றாடச் சொற்கள் இதனால் விரைவிலேயே நிலைத்தன.

1991 முதல் இம்மொழி ‘குபே’ எனப்படும் இலத்தீன் எழுத்துமுறையைக் கைக்கொண்டுள்ளது. உயிரெழுத்தை இரட்டித்தால் அது நெடில். லஃப என்றால் நிலம். லாஃபா என்றால் மென்மையானது. குறில், நெடில் பேதத்தில் ஊறிய நமக்கு இது எளிது என்பதால் ஒலிப்பைத் தமிழில் குறித்துக்கொள்வது பெரிதும் உதவுகிறது. ஆனால் மெய் இரட்டிக்கும் இடத்தில் அவ்வுதவி நின்றுவிடுகிறது: ‘சொடா’ என்றால் அச்சம், அதே டகரத்தை இரட்டித்தால் மணவழி உறவினர், அதைச் ‘சொட்டா’ என்று எழுதினாலோ நம் எழுத்து மரபில் ஒலிப்பே மாறிவிடும். குரல்வளையை இறுக்கி வெடிப்புடன் எழுப்பும் ஒலிகளுக்கும் தமிழில் எழுத்தில்லை. ஆகவே உள்ளூர்க்காரர் குரலைப் பதிந்து அட்டையில் சேர்ப்பதை இன்றியமையாததாகக் கருதுகிறேன்.

ஆயத்தமாகக் கிடைத்த ஓர் அட்டைத் தொகுப்பையும் பயன்படுத்திப் பார்த்தேன். அது சொல்லின் அகராதி வடிவத்தை மட்டுமே தந்தது. உண்மையான குறை அதுதான். தமிழில் எழுவாய் உருபு ஏற்பதில்லை, செயப்படுபொருளே ‘ஐ’ ஏற்கிறது. ஒரோமோவில் நிலைமை தலைகீழ்: ‘நம்னி டுஃபெ’ என்றால் மனிதன் வந்தான்; ‘நம அர்கெ’ என்றால் மனிதனைப் பார்த்தான். அகராதியில் உள்ள ‘நம’ செயப்படுபொருளாகவே வருகிறது, எழுவாயாகும்போதுதான் உருமாறுகிறது. இதைத் தனிச்சொல்லாக மனனம் செய்பவர் முதல் வாக்கியத்திலேயே தடுமாறுவார்.

பன்மையும் ஒரே விகுதியில் அடங்காது. நம, நமோட்ட ஆகிறது, மன, மன்னேன் ஆகிறது. எண்ணோடு வரும்போது மட்டும் ‘இரண்டு மாடு’ என்பதுபோல் ஒருமையே போதும்: நம லம, இரண்டு பேர். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் படத்தோடு ஓர் அட்டை, எழுவாயாக வரும் சிறு வாக்கியத்தோடு ஓர் அட்டை, பன்மைக்கு ஓர் அட்டை என்றே அமைக்கிறேன்.