"இ.எஸ்.டி. சேஃப்" ஸ்டிக்கரை நம்பி சால்டரிங் ஸ்டேஷன் வாங்காதீர்கள்

சின்னதாக போர்டு அசெம்பிளி யூனிட் நடத்துகிறவர்கள், புதிதாக சால்டரிங் ஸ்டேஷன் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். "இ.எஸ்.டி. சேஃப்" (ஸ்டாடிக் மின்சாரம் பாய்ந்து ஐசி கெடாது) என்ற மஞ்சள் ஸ்டிக்கரும் டெஸ்ட் சர்டிபிகேட்டுமாக எங்களுக்கு வந்த ஆறு ஸ்டேஷன்களில் ஒன்றில்கூட டிப்புக்கு எர்த் கிடையாது. விற்ற டீலரின் பெயரை இங்கே போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, அது முடியும்வரை வேண்டாம் என்கிறார் வக்கீல்.

கோயம்புத்தூரில் போர்வெல் மோட்டார்களுக்கான வாட்டர் லெவல் கன்ட்ரோலர் போர்டு செய்கிறோம். தண்ணீருக்குள் இறங்கும் புரோப் வயர் நேராக ஒரு சிமாஸ் ஐசியின் (ஸ்டாடிக்கில் சுலபமாகக் கெடும் வகை சிப்) இன்புட்டுக்குப் போகும். அந்த வயரைக் கையால்தான் சால்டர் செய்ய வேண்டும். இந்த மாதிரி இன்புட்டில் சில நானோ ஆம்பியர் லீக் ஆனாலே ரீடிங் மாறிவிடும். புது ஸ்டேஷன்கள் வந்த பிறகு, இங்கே டெஸ்டில் பாஸ் ஆகிப் போன போர்டுகள் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே "தண்ணீர் இல்லை" என்று மோட்டாரை நிறுத்த ஆரம்பித்தன. கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும். விவசாயி எங்கள் போர்டை விற்ற டீலரைத் திட்டுவார், அவர் எங்களைத் திட்டுவார்.

முதலில் சந்தேகம் ஐசி மேல்தான் போனது. போலி ஐசி புழங்குகிற காலம், நியாயமான சந்தேகம்தான். ஆனால் திரும்பி வந்த போர்டுகளின் பின்னால் எழுதியிருந்த டேபிள் நம்பரைப் பார்த்தால் எல்லாமே புது ஸ்டேஷன் வைத்த டேபிள்கள். பழைய ஸ்டேஷன் இருந்த டேபிளிலிருந்து ஒன்றுகூட வரவில்லை, ஐசி ஒரே ரீலாக இருந்தும்.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தோம். பிளக்கைக் கழற்றி, அதன் எர்த் பின்னுக்கும் டிப்புக்கும் நடுவில் ஓம்ஸ் பார்த்தால் ஓப்பன். பிளக்கை மாட்டி, டிப்புக்கும் சுவர் எர்த்துக்கும் நடுவில் ஏசி வோல்ட் பார்த்தால் எண்பதுக்கு மேல் காட்டியது. இது ஷாக் அடிக்கிற கரண்ட் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் இருக்கும் கெபாசிட்டன்ஸ் வழியாகக் கசிந்து வருவது, மைக்ரோ ஆம்பியர் கணக்குதான். கைக்குத் தெரியாது, ஐசிக்குத் தெரியும். இதே வகை டிரான்சிஸ்டரான தனி மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (இன்புட்டுக்கு) டேட்டாஷீட்டில் கொடுக்கும் உச்ச வரம்பே பெரும்பாலும் 20 வோல்ட்தான். பக்கத்து டேபிளில் ஹாட் ஏர் கன்னை ஆன் பண்ணும்போது வரும் ஸ்பைக் வேறு.

இதில் மோசமானது, ஐசி அங்கேயே சாகாமல் போவது. உள்ளே ஆக்சைடு படலம் லேசாக அடிபட்டிருக்கும், டெஸ்ட் ஜிக்கில் பச்சை விளக்கு எரியும், மாதக்கணக்கில் ஓடிவிட்டு வாடிக்கையாளர் கையில் போய் மக்கர் பண்ணும்.

ஸ்டேஷனைத் திறந்து பார்த்தோம். ஹக்கோ 936 மாடலைப் பார்த்துச் செய்த நகல் அது. (அசல் ஜப்பான் நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.) ஹேண்டிலிலிருந்து வரும் ஐந்து பின் கனெக்டரில் ஒரு பின் டிப் எர்த்துக்கு. அந்த வயர் உள்ளே சேஸிஸ் (உலோகப் பெட்டி) வரை ஒழுங்காக வந்திருந்தது. ஆனால் அதை ஸ்க்ரூ போட்டிருந்தது பவுடர் கோட்டிங்குக்கு மேல், பெயின்ட்டைச் சுரண்டவே இல்லை. சரி, சுரண்டினால் வந்துவிடும் என்று பார்த்தால், மெயின்ஸ் கார்டு இரண்டு கோர் வயர்! பிளக்கில் மூன்று பின் இருக்கிறது, எர்த் பின் சும்மா அழகுக்கு. இதைத் தவறிப்போய் நடந்த கோளாறு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். மூன்றாவது வயரின் காசை மிச்சம் பிடித்தவனுக்கு அது எதற்கு என்று தெரியும்.

ஸ்டேஷன் விற்ற டீலருக்குப் போன் செய்தால், "சார், எல்லாம் செக் பண்ணித்தானுங்க அனுப்பறோம், உங்க பில்டிங் எர்த் பாருங்க" என்றார். பில்டிங் எர்த்தையும் பார்த்தோம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு வோல்ட்கூட இல்லை. வீடியோ எடுத்து அனுப்பினேன். "சர்டிபிகேட் இருக்குதுங்களே" என்றார். ஆறு சர்டிபிகேட்டிலும் ஒரே ரீடிங், ஒரே தேதி, சீரியல் நம்பர் மட்டும் பேனாவால் எழுதியது. அதைவிட முக்கியம், அதில் "எஸ்20.20 சர்டிஃபைடு" என்று பெரிதாகப் போட்டிருந்தது. எஸ்20.20 என்பது ஒரு தொழிற்சாலை ஸ்டாடிக்கைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் மொத்த ஏற்பாட்டுக்கான தரம். சான்று கொடுப்பது அந்த ஏற்பாட்டுக்குத்தான், தனிப் பொருளுக்கு இல்லை. சால்டரிங் அயர்னைச் சோதிக்கும் முறை எஸ்13.1. அந்த முறையில் அளந்தால் புது அயர்னில் டிப்புக்கும் எர்த்துக்கும் 2 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும், டிப்பில் 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. ஒரு பொருளின் பெட்டியில் "எஸ்20.20 சர்டிஃபைடு" என்று பார்த்தாலே உஷாராகிவிடுங்கள்.

கூடவே இலவசமாக ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடம்பின் சார்ஜை எர்த்துக்குக் கொண்டுபோக மணிக்கட்டில் கட்டும் பட்டை) கொடுத்தார்கள். பாதி வயர் இல்லாத ரகம். உடம்பில் இருக்கும் சார்ஜ் போக ஒரு வழி வேண்டும், வயரே இல்லாமல் அது எங்கே போகும்? அது வெறும் வளையல். மீதி வயர் உள்ளது, ஆனால் உள்ளே இருக்க வேண்டிய 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இல்லை, அளந்தால் சீரோ. இது ஆளுக்கே ஆபத்து. ரெசிஸ்டர் இருந்தால் 230 வோல்ட் லைனில் கை பட்டாலும் ஸ்ட்ராப் வழியாக 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. இல்லாவிட்டால் கையை நேராக எர்த்தில் கட்டி வைத்த கதைதான். எங்கள் பெண்கள் அதைத்தான் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். போர்டு போனதைவிட எனக்கு இதில்தான் கோபம்.

வாங்கும்போது கடையிலேயே பாருங்கள், சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலில் இரண்டு புரோபையும் ஒட்டி வைத்து வரும் ஓமைக் குறித்துக்கொண்டு, பிறகு கழித்துவிடுங்கள். பிளக் மாட்டாமல், அயர்ன் ஆறியிருக்கும்போது எர்த் பின்னிலிருந்து டிப்புக்கு அளக்க வேண்டும். சூடாக இருந்தால் டிப்பில் உண்டாகும் சின்ன வோல்டேஜ் மீட்டரைக் குழப்பும். பழைய டிப்பில் கூடுதலாகக் காட்டினால் கருத்த ஆக்சைடைத் துடைத்து ஈயம் பூசிவிட்டுத் திரும்பப் பாருங்கள். சில நல்ல ஸ்டேஷன்களில் எர்த்தை நேராகவோ ரெசிஸ்டர் வழியாகவோ மாற்றிக்கொள்ள முன்பக்கம் ஒரு சாக்கெட் இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அளக்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

பணம் இன்னும் வரவில்லை. கிரெடிட் நோட் தருகிறேன், வேறு சரக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் டீலர், மறுத்துவிட்டேன். கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி பில் போட்டு வாங்கியதால் நுகர்வோர் கோர்ட் கஷ்டம். 2019 சட்டத்தில் வியாபாரத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார், பிழைப்புக்காகத் தானே சுயதொழில் செய்கிறவருக்குத்தான் விலக்கு. தனி ஆளாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் இதே மாதிரி ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். எங்கள் நோட்டீஸ் 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15, 16 பிரிவுகளின்படி போயிருக்கிறது: சொன்ன விவரப்படி பொருள் இல்லை, சொன்ன வேலைக்கு உதவவும் இல்லை. ஐந்து ஸ்டேஷனுக்கு மூன்று கோர் கார்டு போட்டு, பெயின்ட் சுரண்டி, பல் உள்ள வாஷர் வைத்து 2 ஓமுக்குக் கீழே கொண்டுவந்து, கனெக்டர் வேலைக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன். ஆறாவதை அந்த இரண்டு கோர் கார்டோடு, ஸ்டிக்கரும் சர்டிபிகேட்டும் சேர்த்துப் பெட்டியில் போட்டு வக்கீலிடம் கொடுத்தாயிற்று.